குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க: கிட்னி பிரச்சனை இருக்குற பிள்ளையும் அம்மையும்

"பையனுக்கு 5 வயசு. போன வருஷம் காலைல எந்திரிச்சா கண்ணு வீங்கி இருக்கும், டெஸ்ட் பண்ணி நெஃப்ராடிக் சிண்ட்ரோம்னு (கிட்னி வழியா புரோட்டீன் யூரின்ல போயிடுற நோய்) சொன்னாங்க, ஸ்டீராய்டு மாத்திரை ஓடுது. சளி பிடிச்சாலே திரும்ப வீங்குது. இப்ப பக்கத்து போர்ஷன் பையனுக்கு அம்மை போட்டிருக்கு, நேத்து வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாதான் விளையாடுனாங்க. வேப்பிலை சொருகினா போதும், அம்மைக்கு மருந்து தரக்கூடாதுங்கறாங்க மாமியார். எதிர்ப்பு சக்தி ஏற பொடி ஏதாவது குடுக்கலாமா?"
- ஒரு வாசகி, பெரம்பூர்

உங்க மெயில் பாத்த அன்னிக்கே போன்ல சொல்லிட்டோம், இருந்தாலும் இதே நிலைமைல இருக்குற மத்த அம்மாக்களுக்காக இங்கயும் எழுதுறேன். ஸ்டீராய்டு சாப்பிடுற பிள்ளை அம்மை (இங்க சொல்றது சின்னம்மை) வந்த பிள்ளையோட பழகிடுச்சுன்னா கொப்புளம் வருதான்னு வீட்ல உக்காந்து பாக்காதீங்க, அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது ஒட்டும், ஒட்டினப்புறம் வெளிய தெரிய 10லேருந்து 21 நாள் ஆகும், அந்த இடைவெளிதான் நமக்கு கிடைக்கிற டைம். ஏற்கனவே அம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளைன்னா அம்மைக்கான இம்யூனோகுளோபுலின் ஊசி (அம்மை கிருமியை எதிர்க்கிற ரெடிமேட் ஆன்டிபாடி) போடுவாங்க, அதை 4 நாளுக்குள்ள போட்டா ரொம்ப நல்லது. அம்மை வந்தே விட்டா அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு. மாமியார் வேப்பிலை சொருகட்டும், அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா மருந்தை தடுக்க வேணாம்னு பக்குவமா சொல்லுங்க, மத்த பிள்ளைக்கு தானா இறங்குற அம்மை இந்த பிள்ளைக்கு நுரையீரல் வரைக்கும் போகலாம்.

பொடி வேணவே வேணாம் மா. உங்க பையனுக்கு எதிர்ப்பு சக்தி "கம்மி"ன்னு மட்டும் சொல்லிட முடியாது. கிட்னி ஃபில்டர் ஓட்டையானதும் ஆல்புமின்ங்கற ரத்த புரோட்டீனோட சேர்ந்து ஐஜிஜின்னு சொல்ற ஆன்டிபாடியும், கிருமியை அடையாளம் காட்டிக் குடுக்குற சில புரோட்டீன்களும் யூரின்ல போயிடுது, அதனாலதான் நிமோனியா உண்டாக்குற நியுமோகாக்கஸ் மாதிரி கிருமிங்க சுலபமா உள்ள நுழையுது. இன்னொரு பக்கம் அந்த ஃபில்டரை கெடுக்குறதே நம்ம எதிர்ப்பு மண்டலம்தான்னு தெரிய வந்திருக்கு. 2024ல வந்த ஒரு ஆராய்ச்சில இந்த நோய் உள்ள நிறைய பிள்ளைங்க ரத்தத்துல, ஃபில்டர்ல இருக்குற நெஃப்ரின்ங்கற புரோட்டீனையே தாக்குற ஆன்டிபாடி இருந்தது. சளி பிடிச்சா எதிர்ப்பு மண்டலம் உசுப்பேறி திரும்ப வீங்குறது அதனாலயா இருக்கலாம். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டே குடுக்குறோம், இதுல எதை ஏத்தி விடறது? என்ன கலந்திருக்குன்னே தெரியாத பொடி கிட்னிக்கும் ஆகாது.

ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் மறைச்சிடும், இது எனக்கு ரொம்ப கவலையான விஷயம். காய்ச்சலோட வயித்த வலின்னு சொன்னா, தொட்டாலே கத்தினா, கால்ல செவந்து சூடா வீங்கினா ராத்திரி 2 மணின்னாலும் கிளம்பிடுங்க, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி எப்பவும் திறந்திருக்கும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், இபுப்ரோஃபென் வேணாம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, வாந்தில வெளிய வந்துட்டா உடனே சொல்லுங்க. தினம் காலைல ஸ்ட்ரிப் வச்சு யூரின் பாத்து டைரில எழுதுங்க, தொடர்ந்து 3 நாள் புரோட்டீன் 3 ப்ளஸ் வந்தா திரும்ப ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.

தடுப்பூசில நியுமோகாக்கஸ் ஊசியும் வருஷா வருஷம் ஃப்ளூ ஊசியும் போடலாம், போடணும். அம்மை, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) மாதிரி, பலவீனமாக்கின உயிருள்ள கிருமி இருக்குற ஊசியெல்லாம் ஸ்டீராய்டு டோஸ் அதிகமா இருக்கும்போது கூடாது, டோஸ் குறைஞ்சு ஒரு மாசம் கழிச்சுதான், அதுவும் டாக்டர் நாள் குறிச்சு தரட்டும். ஆனா வீட்ல இருக்குற மத்த பிள்ளைங்களுக்கு இப்பவே அம்மை ஊசி போட்டுடுங்க. அது கவர்மென்ட் அட்டவணைல கிடையாது, காசு குடுத்துதான் போடணும், கஷ்டம்னாலும் போடுங்க. தம்பி தங்கச்சிக்கு போலியோ சொட்டு வேணாம், ஊசியா கேட்டு வாங்குங்க.

"பொண்ணுக்கு 11 வயசு, கிட்னி ரெண்டும் சுருங்கிடுச்சு, டயாலிசிஸ் வேண்டி வரலாம்னாங்க. பொறந்தப்பவே ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று) ஊசி போட்டாச்சு, ஏன் திரும்ப போடணும்ங்கறாங்க?"
- ஒரு அப்பா, தாம்பரம்

ரத்தத்துல கழிவு தேங்கத் தேங்க வெள்ளணுக்கள் மந்தமாயிடும், முன்னாடி போட்ட ஊசியோட பலனும் கரைஞ்சுடும், புதுசா போட்டாலும் உடம்பு சரியா பதில் குடுக்காது. டயாலிசிஸ்ல ரத்தம் வெளிய போய் வர்றதால ஹெபடைடிஸ் பி ஒட்டுற வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல ஆன்டிபாடி அளவு பாப்பாங்க, 10க்கு கீழ இருந்தா திரும்ப போடுவாங்க, சில சமயம் டபுள் டோஸ் கூட. டயாலிசிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க சார், அப்பதான் நல்லா பிடிக்கும். மாற்று கிட்னி வைக்கிற யோசனை இருந்தா அம்மை, எம்எம்ஆர் ரெண்டும் ஆபரேஷனுக்கு குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி முடிச்சிருக்கணும், அதுக்கப்புறம் பொதுவா போட முடியாது, அடுத்த விசிட்ல பொண்ணோட தடுப்பூசி கார்டை மறக்காம எடுத்துட்டு போங்க.