வீடு கட்டுவதை யார் கையில் ஒப்படைப்பது: மச்சினனா, காண்ட்ராக்டரா, இன்ஜினியரா?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் 8 சென்ட் இடம் என் பெயரில் இருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகப் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள். வீட்டுக்கு 40 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். மனைவியின் தம்பி, "எனக்குப் பவர் எழுதிக் கொடுங்க மாமா, சம்பளமே வேண்டாம், நான் நின்னு கட்டித் தர்றேன்" என்கிறான். பொள்ளாச்சி காண்ட்ராக்டர் ஒருவர் சதுர அடி ரேட் பேசி, சாவி கொடுப்பதுவரை தன் பொறுப்பு என்கிறார். பாலக்காடு மாவட்டச் சித்தூர் இன்ஜினியர் ஒருவர் மொத்தச் செலவில் சதவீதம் கேட்கிறார். காம்பவுண்டுக்கும் போர்வெல்லுக்கும் மச்சினனிடம் ஏற்கெனவே 4 லட்சம் கொடுத்தேன். கணக்குக் கேட்டால் மனைவி முகம் வாடிவிடுகிறது. யாரிடம் ஒப்படைப்பது?

பதில்: மூவரில் யாரிடமும் முழுவதையும் கொடுக்காதீர்கள். வேலை செய்பவர் ஒருவர், அதை அளந்து சரி சொல்பவர் வேறொருவர், பணம் அனுப்புபவர் நீங்கள். இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்த இடத்தில்தான் வழக்கு பிறக்கிறது.

முதலில் மச்சினன். சம்பளம் வாங்காவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் ஏஜென்ட். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி ஏஜென்ட் ஆவதற்குக் கூலி தேவையில்லை. 213-ஆவது பிரிவுப்படி கேட்டபோது கணக்குக் காட்ட அவர் கடமைப்பட்டவர். அதே சட்டம் அவரையும் காக்கிறது. உங்களுக்காக அவர் கடையில் சிமெண்ட் கடன் சொல்லி வாங்கியிருந்தால், 222-ஆவது பிரிவுப்படி அந்தச் சுமை உங்களுடையது. ஆனால் இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. நாளை சுவர் வெடித்தால் அவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டில் மச்சினன்மேல் கணக்கு வழக்குப் போட வேண்டும். அதை எந்தக் குடும்பம் தாங்கும்?

இப்படி ஒருவர் என்னிடம் ஒரு கட்டைப்பை நிறைய பில் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் எஸ்டிமேட் சீட்டு. கம்பிக் கடை பில்லில் வீட்டுக்காரர் பெயரே இல்லை, மேற்பார்த்த உறவினர் பெயர் இருந்தது. ஒரு தாளில் "கூலி, இதரம் 1,85,000" என்று ஒரே வரி. அந்த உறவினர் திருடியவராக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நேர்மையை நிரூபிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. எழுத்து இல்லாதது அவருக்கும் கேடாகத்தான் முடிந்தது.

பவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பொதுப் பவர் வேண்டாம். பஞ்சாயத்து பெர்மிட், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தனிப் பவர் போதும். விற்கவும், அடமானம் வைக்கவும், கடன் வாங்கவும் அதிகாரம் இல்லை என்று தனி வரியாக எழுதுங்கள். துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நமக்கு நிலம் என்றால் எந்த இடமும் நிலம். கேரள வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டும் இடத்துக்கு 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். சித்தூர் தாலுகாவில் நெல்வயல் அதிகம் என்பதால் சொல்கிறேன். 'நிலம்' என்று இருந்தால் 2008 நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்கில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்டிஓவுக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகே வானம் தோண்டுங்கள். பொள்ளாச்சி காண்ட்ராக்டருக்கு இது தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். பெர்மிட்டும் 2019 கேரள பஞ்சாயத்து கட்டட விதிகளின்படிதான். சித்தூர் இன்ஜினியரை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அவருக்குச் சதவீதம் வேண்டாம். செலவு ஏறினால் கூலியும் ஏறும் என்றால், செலவைக் குறைக்கச் சொல்லும் மனம் யாருக்கு வரும்? அஸ்திவாரம், லிண்டல், வார்ப்பு, பூச்சு என்று கட்டத்துக்கு இவ்வளவு எனத் தொகை பேசுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் அளந்து கையெழுத்திட்ட தாள் வந்தால்தான் அடுத்த தவணை. வார்ப்புக்கு முந்தின நாள் கம்பிமேல் டேப் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் வந்தாலும் சுவரைத்தான் பார்க்க முடியும், உள்ளே கிடக்கும் கம்பியை எண்ண முடியாது.

கட்டும் வேலை காண்ட்ராக்டருக்கு. ஒப்பந்தத்தில் சிமெண்ட், கம்பி பிராண்ட், முடிக்கும் தேதி, தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு, தொழிலாளர் இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, எல்லை தாண்டி வரும் சரக்குக்கு ஏற்று இறக்குக் கூலி யாருடையது என்பதெல்லாம் வரட்டும். நோக்குக்கூலி, அதாவது வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் கூலி, 2018 மே 1 முதல் கேரளத்தில் தடை செய்யப்பட்டது, அந்தப் பெயரில் பில் வந்தால் ஏற்காதீர்கள். தொகையில் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் ஒழுகாத தளத்துக்குத்தான் கடைசிப் பணம்.

ஒப்பந்தத்தில் உங்களோடு மனைவியும் கையெழுத்திடட்டும். வீடு கட்டித் தருவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'சேவை'. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மனைவி பொள்ளாச்சியில் இருப்பதால் கோவை மாவட்ட ஆணையமே போதும், பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பு. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எவ்வளவு செலுத்தினீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும், அதனால் பணம் எல்லாம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் காண்ட்ராக்டர் கணக்குக்குப் போகட்டும், யார் கை வழியாகவும் வேண்டாம்.

மச்சினனை ஒதுக்கச் சொல்லவில்லை. சாவி அவரிடம் இருக்கட்டும், தினமும் போய்ப் பார்த்துப் போட்டோ அனுப்பட்டும், பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் ஒரு தொகை கொடுங்கள். பணம் மட்டும் அவர் கையில் புழங்க வேண்டாம்.

பழைய 4 லட்சத்துக்கு மனைவியைத் தூது விடாதீர்கள். நீங்களே அவருக்குப் போன் போட்டு, "மாப்ளே, புது வேலை தொடங்குறதுக்குள்ள பழசை எழுதி முடிச்சிடலாம்" என்று சொல்லுங்கள். பில் இருப்பதற்குப் பில், இல்லாததற்கு அவர் கையெழுத்தில் ஒரு வரி. வாங்கிப் பார்த்துச் சரியாக இருந்தால், "கணக்கு முடிந்தது" என்று நீங்களும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.