கல்விக் கேள்வி பதில்: சட்டமன்றம், தலைமையாசிரியர் பணி, பள்ளி உணவு

இம்மாதம் வந்த கடிதங்களில் சில ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தமையால், அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் ஒருவர் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, பிறகு கல்வி நிர்வாகத்தில் தலைமைப் பொறுப்பேற்று, இப்போது பள்ளி உணவு ஆலோசகராகப் பணிபுரிவதாகப் படித்தேன். மூன்றும் தொடர்பில்லாத துறைகள் அல்லவா? நம் மலேசியாவில் அப்படி ஒருவர் வர முடியுமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஐயா, அந்நாட்டின் ஆட்சி அமைப்பைப் பார்த்தால் அம்மூன்றும் நெருங்கிய உறவுடையவை என்பது விளங்கும். அங்கே பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. கலிபோர்னியா, ஜார்ஜியா போன்ற சில மாநிலங்களில் கல்வித்துறைத் தலைவரையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1946ஆம் ஆண்டு அதிபர் ட்ரூமன் கையொப்பமிட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தின்படி வரும் நிதி மத்திய வேளாண் துறையினுடையது. ஆனால் அதைப் பள்ளிகளுக்குப் பகிர்ந்தளித்துக் கணக்குக் கேட்பது பெரும்பாலான மாநிலங்களில் மாநிலக் கல்வித்துறையே. 2022-23 கல்வியாண்டு முதல் எல்லா மாணவர்க்கும் காலையுணவும் மதிய உணவும் இலவசம் என்று கலிபோர்னியா முடிவு செய்தது, அம்மாநிலச் சட்டமன்றத்தின் வழியாகத்தான். ஆகவே சட்டமன்றத்தில் கல்வி நிதியை விவாதித்த ஒருவர் பின்னர் கல்வி நிர்வாகத்துக்கும், அங்கிருந்து பள்ளி உணவுக்கும் செல்வது இயல்பான பயணம்.

நம் நாட்டிலோ கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை கல்வியைக் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பட்டியலில் வைத்திருக்கிறது. பினாங்கு மாநிலச் சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானித்தாலும், ஒரு தலைமையாசிரியரை இடம் மாற்றவோ, கூட்டரசு ஒரு மாணவருக்கு வழங்கும் உணவுத் தொகையை உயர்த்தவோ அவர்களால் இயலாது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. பினாங்கு அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் மானியமும் இருக்கிறது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பி. இராமசாமி 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்தார். கல்வியிலிருந்து மாநில அரசியலுக்கு வந்த அவருங்கூட இந்த எல்லைக்குள் நின்றுதான் தமிழ்ப்பள்ளிகளுக்கு உதவ முடிந்தது. நம் நாட்டில் அப்படி ஒருவர் வரலாம். ஆனால் பள்ளி உணவின்மீது உண்மையான செல்வாக்கு அவருக்குச் சட்டமன்றத்தில் கிடைக்காது. அது பள்ளியிலும், மாவட்டக் கல்வி இலாகாவிலும், கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவிலும் இருக்கிறது.

கேள்வி: தமிழர்களிடையே அரசியல், கல்வி நிர்வாகம், பள்ளி உணவு ஆகிய மூன்றையும் இணைத்தவர்கள் யார்? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: ஒரே மனிதர் மூன்றையும் செய்ததாகச் சொல்வதைவிட, காமராசர், நெ. து. சுந்தரவடிவேலு ஆகிய இருவர் சேர்ந்து செய்ததைச் சொல்வதே பொருத்தம். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பி. தியாகராயர் காலத்தில், 1920ஆம் ஆண்டிலேயே, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முடிவெடுக்கப்பட்டது. ஆனால் மாநிலம் தழுவிய திட்டமாக அது வளர்ந்தது 1956ஆம் ஆண்டு, முதலமைச்சர் காமராசரின் ஆட்சியில். அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தி, அந்தந்த ஊர் மக்களே தங்கள் பள்ளிக்குப் பணமும் பொருளும் தரும்படி செய்த அந்த ஏற்பாடு இல்லாமல், முதலமைச்சரின் விருப்பம் கோப்பிலேயே தங்கியிருக்கக்கூடும். 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒவ்வொரு மையத்துக்கும் தனிப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறி மாறி ஆண்டபோதும் இத்திட்டம் நிலைத்ததற்கு, பானை வைப்பவர் யார், கணக்கு எழுதுபவர் யார் என்பது பள்ளி அளவிலேயே உறுதியாகியிருந்தது முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டில் இதற்கு மாறான ஓர் அனுபவமும் உண்டு. 2019ஆம் ஆண்டு அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு இலவசக் காலையுணவு என்று அறிவித்தார். 2020 சனவரியில் அவர் பதவி விலகிய பின் அது அறிவித்த அளவில் நடைபெறவில்லை. எழுபதுகளின் இறுதியில் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டம், நாம் ஆர்.எம்.டி. என்று சொல்வது, அரசியல் மாற்றங்களையெல்லாம் கடந்து இன்றும் நடக்கிறது.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மாநிலத் தேர்தலில் நிற்க வேண்டும் என்ற எண்ணமும், பள்ளி உணவுத் துறையில் ஆலோசனை வழங்கும் ஆர்வமும் இருக்கின்றன. எதை முதலில் செய்வது? (ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: சகோதரி, தேர்தலைக் கடைசியாக வையுங்கள். அரசுப் பணியில் முழுநேரமாக இருப்பவர் வேட்பாளராக நிற்கத் தகுதியற்றவர் என்பதால், வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே பணியைத் துறந்தாக வேண்டும். தோற்றுவிட்டால் அதே நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்காது. பணியில் இருக்கும்போது கட்சி நடவடிக்கைகளில் ஈடுபடுவதற்கும், ஊதியம் பெற்று வெளியே ஆலோசனை வழங்குவதற்கும் 1993ஆம் ஆண்டின் பொதுச்சேவை அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. வாய்மொழி இசைவை நம்பாமல், எழுத்துமூல அனுமதி கையில் கிடைத்த பிறகே அடியெடுத்து வையுங்கள்.

உங்கள் 14 ஆண்டு அனுபவத்தின் இயல்பான அடுத்த படி பள்ளித் தலைமைதான். தலைமையாசிரியர் ஆக விரும்புவோர்க்கான தேசியத் தொழில்முறைத் தகுதிப் பயிற்சியைக் கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகம் நடத்துகிறது, அதற்கு விண்ணப்பியுங்கள். பள்ளியில் உணவுத் திட்டத்துக்குப் பொறுப்பான ஆசிரியராக நீங்களே முன்வந்து பெயர் கொடுங்கள். பெறுநர் பட்டியல் தயாரிப்பது, உணவு வழங்கும் குத்தகையாளரின் பில்லைச் சரிபார்ப்பது, வராத மாணவரின் தட்டு யாருக்குப் போகிறது என்று கவனிப்பது ஆகியவற்றைச் சில ஆண்டுகள் செய்தவர் பின்னாளில் சட்டமன்றத்தில் எழுந்து பேசினால், அந்தப் பேச்சில் எடை இருக்கும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து அறிவியல் படிக்கிறேன். பள்ளி உணவு ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமா? கோலாலம்பூரில் இருந்துகொண்டு மாநில அரசியல் வழியாக இத்துறைக்கு உதவ முடியுமா? (மாணவர், செந்தூல்)

பதில்: இரண்டாவதற்கு விடை சுருக்கமானது, தம்பி. கோலாலம்பூர் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். அதற்கு 11 நாடாளுமன்றத் தொகுதிகள் உண்டு, சட்டமன்றம் கிடையாது.

முதல் கேள்வி முக்கியமானது. ஊட்டச்சத்து நிபுணர், உணவுமுறை நிபுணர் ஆகிய இரண்டும் 2016ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, பட்டியலிடும் 23 தொழில்களில் அடங்கும். அவற்றைத் தொழிலாகச் செய்ய அச்சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிவு வேண்டும். பட்டம் பெற்றவுடன் பதிவு செய்துகொள்ளுங்கள். பள்ளிகள் உங்களை அழைக்கும்போது அந்தச் சான்றைக் கேட்கட்டும். நம் பிள்ளைகளின் நிலைமை இருமுகமானது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 5 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோடோ உடற்பருமனோடோ இருந்தனர். ஒரே வகுப்பில் இருவகைப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கையில், 'எல்லார்க்கும் கூடுதலாகக் கொடுங்கள்' என்றோ 'குறைத்துக் கொடுங்கள்' என்றோ ஒரே வரியில் அறிவுரை கூறுவது தவறாகிவிடும். தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம், அரைப்பங்கு காய்கறியும் பழமும் என்ற சுகாதார அமைச்சின் அளவு, அடித்தளமாக வைத்துக்கொள்ளத் தக்கது.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு. உணவில் கட்டுப்படியாகவில்லை என்று குத்தகையாளர் குறைப்படுகிறார். முன்பு அரசியல் பதவியில் இருந்த ஒருவர் ஆலோசனை கூற முன்வருகிறார். அவருடைய உறவினர் சமையல் தொழில் நடத்துகிறார். ஏற்றுக்கொள்ளலாமா? (பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், நிபோங் தெபால்)

பதில்: குத்தகையாளர் கூறுவதில் உண்மை இருக்கிறது. தீபகற்பத்தில் ஒரு மாணவருக்குக் கூட்டரசு வழங்கும், 2 ரிங்கிட் 50 சென்னாக இருந்த ஒருநாள் உணவுத் தொகை 3 ரிங்கிட் 50 சென்னாக உயர்த்தப்பட்டது. முப்பது பிள்ளைகளுக்கு அது 105 ரிங்கிட். முந்நூறு பிள்ளைகளுக்கு 1,050 ரிங்கிட். அரிசியும் முட்டையும் தட்டுக்கேற்பக் கூடிக் குறையும். ஆனால் விடியலில் எழுந்து சமைப்பவரின் கூலியும், வண்டிச் செலவும் முப்பது தட்டுக்கும் ஏறக்குறைய அதேதான். சிறிய பள்ளியில் முதலில் தட்டிலிருந்து மறைவது பழம், அடுத்துக் காய்கறி. பிறகு முட்டை பாதியாகிவிடுகிறது. குத்தகையாளரைக் கடிந்துகொள்வதால் இது தீராது. அருகிலுள்ள இன்னொரு சிறிய பள்ளியோடு சேர்ந்து ஒரே சமையற்கூடத்திலிருந்து உணவு பெற முடியுமா என்பதை, தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவிடம் எழுத்தில் கேளுங்கள். அப்படிச் செய்தால், சமைத்த உணவு நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறப்பட்டாக வேண்டும் என்பதையும், சமைப்போர் அனைவரும் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளுதல் பயிற்சியும் பெற்றவர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஆலோசகர் முதல் வாரத்தில் உணவுப் பட்டியலைத் திருத்த மாட்டார், மிச்சத்தை எடைபோடுவார். சோறு, காய்கறி, பழம் என்று தனித்தனி வாளிகளில் மீதியைக் கொட்டச் செய்து இரண்டு வாரம் நிறுத்துப் பார்த்தால், எந்தக் கீரையை எப்படிச் சமைத்தால் பிள்ளைகள் உண்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். வீணாகும் பொருளுக்கான பணமும் மிஞ்சும்.

முன்வந்திருப்பவரைப் பொறுத்தவரை, அவருடைய அனுபவம் உங்களுக்குப் பயன்படலாம். ஆனால் ஆலோசனை கூறுபவரும் உணவு வழங்குபவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக்கூடாது என்பதில் உறுதியாக நில்லுங்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பொதுப் பதவியில் இருப்பவர் தமக்கோ உறவினருக்கோ நலன் உள்ள விவகாரத்தில் முடிவெடுப்பதையே குற்றத்தின் அடையாளமாகக் கொள்கிறது. பதவியை விட்டு வந்தவர் அப்பிரிவுக்கு வெளியே இருக்கலாம். குத்தகையைத் தேர்வு செய்யும் அதிகாரிகள் அப்படி இல்லை. ஆகவே தம் உறவினர் குத்தகைக்கு விண்ணப்பிக்க மாட்டார் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். அதைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் பதிவு செய்துவிட்டு, பிறகு அவரைப் பள்ளிக்கு அழையுங்கள்.