14 மாதத்தில் வெடித்த சப்பாத்து: கடைக்காரரைச் சும்மா விடாதீர்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1986இல் நான் இங்கே படிக்க வந்தபோது, மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் பொடியன்களின் பெரிய பூட்ஸைக் கண்டாலே வீதியின் மற்றப் பக்கம் போய்விடுவோம். பிறகு கிடங்கில் வேலை கிடைத்ததும் நானும் அதே டாக்டர் மார்ட்டென்ஸைத்தான் வாங்கினேன். 12 வருஷம் உழைத்தது. மகனுக்கும் அதையே வாங்கிக் கொடுத்தேன். 14 மாதத்தில் விரல் மடியும் இடத்தில் தோல் வெடித்துவிட்டது. 'ஒரு வருஷம் முடிந்துவிட்டது' என்று கடையில் கையை விரிக்கிறார்கள். இணையத்தில் ஒருவர் 1980களில் இங்கிலாந்தில் செய்த, காலில் போடாத ஜோடி ஒன்றை 260 பவுண்ஸுக்கு விற்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், ஐயா. முதலில் கடையைப் பிடியுங்கள்.

"ஒரு வருஷம்" என்பது கடை சொல்லும் கணக்கு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். இங்கிலாந்தில் 6 வருஷம் வரை வழக்குப் போடலாம். பொறுப்பு உங்களுக்கு விற்ற கடைக்குத்தான். "கம்பனிக்கு எழுதுங்கள்" என்றால் மசிய வேண்டாம். முதல் 6 மாதத்துக்குள் பிழை தெரிந்தால், அது தங்கள் பிழையில்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிரூபிப்பது உங்கள் தலையில். ஏழை எளியவருக்காக எழுதிய சட்டம் என்பார்கள். சப்பாத்தின் விலையில் பாதியை நிபுணர் அறிக்கைக்குக் கொட்டச் சொன்னால் யார் கொட்டுவார்? கடைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால் செலவில்லாத வழியைச் சொல்கிறேன். வெளிச்சத்தில் சப்பாத்தை மடித்து வெடிப்பைப் பாருங்கள். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெடித்திருக்கிறதா? மேற்பூச்சு பழைய சுவரில் பெயின்ட் உரிவதுபோல் செதிலாகக் கிளம்பி, அடியில் தோல் வெளிறி, நார் நாராகத் தெரிகிறதா? அப்படியென்றால் பூச்சும் தோலும் ஒட்டாத பிழை என்று வாதாட இடமிருக்கிறது. ஒரு காலில் மட்டும், அதுவும் ஹீட்டர் பக்கமிருந்த காலில் வெடித்திருந்தால் கடைக்காரர் சிரிப்பார். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, சப்பாத்து திருத்துபவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, கடைக்கு எழுதுங்கள். முதலில் திருத்தித் தாருங்கள், அல்லது மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். அது நடக்காவிட்டால் பணம் கேட்கலாம். போட்ட காலத்துக்குக் கழித்துத்தான் தருவார்கள். விலை 100 பவுண்ஸுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கம்பனியையும் பிடிக்கலாம். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் போட்டாலே பல கடைகள் வழிக்கு வருகின்றன.

இனி அந்த 260 பவுண்ஸ் ஆள். அந்த பூட்ஸின் அடிப்பாகம் பிவிசி. அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பசை போன்ற பொருள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். நாற்பது வருஷம் பெட்டியில் கிடந்த ஜோடி பார்க்கப் பளபளவென்று இருக்கும். போட்டு நடந்தால் சோல் குறுக்கே வெடிக்கும். எண்ணெய் காணாத தோலும் அப்படித்தான். ஆனால் ஒருவர் போட்டு, அடிக்கடி கிரீஸ் பூசி வைத்திருந்த பழைய ஜோடி இதைவிட மேல். அதையும் கண்ணால் காணாமல் வாங்க வேண்டாம். விற்பவரைச் சோலை இரண்டாக மடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் விட்டுவிடுங்கள். "மடித்தால் பழுதாகிவிடும்" என்று அவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள். உங்கள் மகன் அதை மடித்துத்தான் நடக்கப் போகிறான். போடாதது என்றால் புதிது என்று நம்பி ஏமாறுகிறவர்களை நான் ஓயாமல் பார்க்கிறேன்.

இன்னொரு ஏமாற்று: 2007இலிருந்து கம்பனியே 'வின்டேஜ்' என்று ஒரு இங்கிலாந்துத் தயாரிப்பு வரிசையை விற்றது. அதை வாங்கி, கொஞ்சம் தேய்த்து, வெள்ளை லேஸ் கோத்து, "அசல் ஸ்கின்ஹெட் பூட்ஸ்" என்று விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். கதைக்குத்தான் விலை. 1969இல் அந்தப் பொடியன்கள் ஜமைக்கா ரெகேக்கு ஆடினார்கள் என்பார்கள்; காற்பந்து மைதான வாசலில் பொலிஸ் லேஸைக் கழற்றி வைத்துக்கொண்டது என்பார்கள். உண்மைதான். 1981 ஜூலை 3 அன்று, தெற்காசியர் நிறைய வாழும் லண்டன் சவுத்ஹோலில் ஸ்கின்ஹெட் கூட்டம் வந்து இறங்கி, கடைகளை உடைத்து, கடைசியில் ஹாம்ப்ரோ டவர்ன் என்ற மதுக்கடை எரிந்த கதையைத் தரகர் சொல்ல மாட்டார். நீங்கள் வீதி மாறி நடந்தது வெறும் பயமில்லை, ஐயா.

டாக்டர் மார்ட்டென்ஸின் தரம் ஏன் விழுந்தது? 1960 ஏப்ரல் 1இல் நோர்தாம்டன்ஷயர் வொலஸ்டனில் வந்த '1460' என்ற 8 ஓட்டை பூட்ஸ் தபால்காரருக்கும் தொழிலாளிக்கும் செய்த 2 பவுண்ஸ் சாமான். 2003இல் பெரும்பகுதி வேலை சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் போனது. 2014இல் பெர்மிரா என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, 2021இல் பங்குச் சந்தையில் விட்டது. ஆசியத் தொழிலாளியைத் திட்டாதீர்கள். கொடுத்த தோலில்தானே அவர் தைப்பார்? குறையுள்ள தோலைத் தேய்த்து, தடித்த பூச்சால் மூடினால் எந்த ஊரில் தைத்தாலும் மடிப்பில் வெடிக்கும்.

சோல் மாற்றிப் பிழைக்க வைக்கலாமா என்றால், வேண்டாம். அதன் சோல், மேல்தோலைச் சுற்றித் தைத்த பட்டியோடு (வெல்ட்) சூட்டில் உருக்கி ஒட்டியது. தெருமுனைக் கடைப் பசை அதில் லேசில் நிற்காது. அதோடு உங்கள் பிரச்சினை சோலில் இல்லை, மேல்தோலில்.

புதிதாக வாங்குவதானால், அதே வொலஸ்டனில் 1881இலிருந்து இருக்கும் என்.பி.எஸ். என்ற சப்பாத்துக் கம்பனி செய்யும் சோலோவேர் பூட்ஸைப் பாருங்கள். முன்பு உரிமம் பெற்று மார்ட்டென்ஸையே செய்தவர்கள். அங்கும் பளபள ரகத்தைத் தொடாமல் எண்ணெய்த் தோலை எடுங்கள்.

கடையிலிருந்து பதில் வரும்வரை மகனின் சப்பாத்துக்குப் பொலிஷ் போட வேண்டாம், வெடிப்பில் பசை தடவ வேண்டாம். சப்பாத்தைக் கடையில் கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.