முகத்துக்கு ஐவர்மெக்டின் கிரீம்: கேள்வி பதில்

டெமோடெக்ஸ் பூச்சியால் முகத்தில் வரும் எரிச்சல், சிவப்பு, பரு ஆகியவை பற்றியும், அதற்குத் தரப்படும் ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம் பற்றியும் வந்த கேள்விகளுக்குத் தோல் மருத்துவராகப் பதில் எழுதுகிறேன். படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல இயலாது. அப்படிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (திருச்சி, இல்லத்தரசி): கன்னம் சிவந்து சிறு பருக்கள் வந்ததால் டாக்டர் ரோசேஷியா என்று சொல்லி இந்தக் கிரீமை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் "பரு உள்ள இடத்தில் மட்டும் வையுங்கள்" என்கிறார்கள். எப்படிப் பூச வேண்டும்?

பதில்: கடைக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள். இது பருவின் மேல் புள்ளி வைக்கும் மருந்து அன்று. பூச்சி பரு தெரியும் இடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. முகத்தின் மயிர்க்கால்களிலெல்லாம் இருக்கும். எனவே முகம் முழுவதும் பூச வேண்டும்.

நாளுக்கு ஒரு முறை போதும், இரவு வசதியான நேரம். காரம் இல்லாத ஃபேஸ் வாஷால், வெந்நீர் இல்லாமல் சாதாரணத் தண்ணீரில் முகம் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னங்கள் என ஐந்து இடத்திலும் தனித்தனியே ஒவ்வொரு பட்டாணி அளவு வைத்து மெல்லியதாகப் பரப்புங்கள். இமை, உதடு, மூக்குத் துவாரம் ஆகிய இடங்களில் படக் கூடாது. வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். பூசி முடித்ததும் கையைக் கழுவுங்கள். கிரீம் காய்ந்த பிறகு மாய்ஸ்சரைசர் போடலாம். காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம், ஏனென்றால் ரோசேஷியாவைக் கிளறிவிடுவதில் வெயிலுக்குத்தான் முதலிடம்.

முதல் வாரத்தில் சிலருக்குச் சிவப்பும் எரிச்சலும் சற்றுக் கூடும். பெரும்பாலும் அந்த வாரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இங்கேதான் பலர் பயந்து டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். மாற்றம் கண்ணில் படவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யப் பன்னிரண்டு வாரம் வேண்டும். மூன்று மாதத்திலும் குணம் தெரியாவிட்டால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பிச் செல்லுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று இரண்டு வேளை பூசாதீர்கள். முகம் வீங்கினாலோ நாளுக்கு நாள் எரிச்சல் ஏறினாலோ நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

கேள்வி (கோவை, மென்பொருள் ஊழியர்): முகத்தில் பூச்சி இருக்கிறது என்று கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. தலையணை உறைகளை எரித்துவிடலாமா? ஒன்றுகூட இல்லாமல் அழிக்க வழி உண்டா?

பதில்: எரிக்க வேண்டாம், வழக்கம்போல் துவைத்தால் போதும். வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய எல்லார் முகத்திலும் இந்தப் பூச்சி உண்டு. 1841, 1842 ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹென்லே, சீமோன் ஆகியோர் இதைக் கண்டு எழுதினார்கள். நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், மயிர்க்காலுக்குள் தலையைக் கீழே விட்டு வாழும். இதைக் கண்ணால் காண எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுப் பசையை வைத்துக் கன்னத்தில் ஒட்டி, ஒரு நிமிடம் கழித்து மெல்ல உரித்தெடுப்போம். நுண்ணோக்கியில் பார்த்தால், பசையில் ஒட்டி வந்த மயிர்க்கால் அச்சுகளிலிருந்து ஒளி ஊடுருவும் வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; சில சமயம் குட்டையான எட்டுக் கால்களும் அசைவது தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்துக்கு மேல் இருந்தால்தான் அதிகம் என்று கணக்கு.

பெருக்கத்தைக் குறைத்து, அதனால் மூண்ட அழற்சியை அடக்குவதே சிகிச்சை. கிரீம் இரண்டையும் செய்கிறது. அடியோடு அழிக்க முனைந்தால் உங்கள் தோல்தான் புண்ணாகும்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): நிறம் கூட்டும் கிரீம் ஒன்றைத் தோழி சொல்லி இரண்டு ஆண்டாகப் பூசுகிறேன். நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது. இப்போது பொடிப்பொடியாகப் பருக்களும் வந்துவிட்டன. ஐவர்மெக்டின் வாங்கிப் பூசலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபீட்டாசோல், ஃபுளுவோசினோலோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் என்று இருந்தால், மங்குக்காக மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதும் முக்கூட்டு மருந்து. அதை ஆண்டுக்கணக்கில் அழகு கிரீமாகப் பூசுவது இந்த நாட்டில் நடக்கும் பெரிய கொடுமை.

ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்து, அங்குள்ள எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகிறது. அடக்கிய இடத்தில் டெமோடெக்ஸ் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. பூசும்வரை சிவப்பு மறைந்திருக்கும். நிறுத்தியதும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பயந்து மறுபடி பூசுவீர்கள், சுழல் தொடரும். கிரீமை விட்டதும் வரும் எரிச்சல் சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அந்தக் காலத்தைக் கடக்க மருத்துவர் துணை வேண்டும்: சிலருக்கு ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்போம், சிலருக்கு வாய்வழி மாத்திரை தருவோம். ஐவர்மெக்டின் அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதியாக இருக்கலாம். நீங்களாகத் தொடங்கவேண்டாம்.

2018இல் பதினான்கு ஸ்டீராய்டு தோல் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஆனாலும் வாய்மொழியாகக் கேட்டால் கொடுத்துவிடும் கடைகள் இருக்கின்றன. நிறத்துக்காக யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் நிறத்தில் குறை எதுவும் இல்லை.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் பூச்சி சாகும் என்பது நம் முன்னோர் கண்டது. ஆங்கில மருத்துவர்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை ஐயா, அச்சிலேயே இருக்கிறது. வேப்பிலை, மஞ்சள் விழுதைச் சொறி சிரங்குக்கு 814 பேரிடம் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 1992இல் வந்தது. 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாளில் குணமடைந்ததாக எழுதினார்கள். அது சிரங்குப் பூச்சி. உடம்பில் வளைதோண்டும் வேறு இனம். முகத்து டெமோடெக்ஸுக்கு அந்த முடிவைத் தூக்கிவைக்க முடியாது.

அவரே மீண்டும்: 97 சதவீதம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பூச்சிக்குப் பூச்சி என்ன பேதம்?

பதில்: பேதம் பெரிது. அந்த ஆய்வில் விழுது பூசாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. இந்தக் கிரீமையோ, ரோசேஷியாவுக்கு வழக்கமாகத் தரப்படும் மெட்ரோனிடசோலோடு நேருக்கு நேர் வைத்துப் பதினாறு வாரம் சோதித்தார்கள். பருக்கள் இதில் 83 சதவீதமும் அதில் 73.7 சதவீதமும் குறைந்தன. இப்படி ஒரு சோதனை முகத்தில் வேப்பிலைக்கு நடக்கட்டும், முதல் ஆளாக எழுதிக் கொடுக்கிறேன். ஐவர்மெக்டினும் ஆய்வுக்கூடத்தில் கற்பனையாகச் செய்த பொருள் அன்று. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதற்காகவே அதைக் கண்டறிந்த அறிவியலாளர்கள் ஓமுராவும் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். மண்ணில் பிறந்ததா இலையில் பிறந்ததா என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

மதுரையிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: என் பாட்டிக்கு வேப்பிலையில்தான் சிரங்கு ஆறியது.

பதில்: மகிழ்ச்சி. பாட்டிக்கு இருந்தது சிரங்கு. ரோசேஷியா முகத்தில் அரைத்த விழுதைத் தேய்த்துவிட்டு, தோல் உரிந்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். இந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம், காத்திருப்பவர்கள் பலர்.

கேள்வி (ஈரோடு): சிரங்குக்கு வாங்கிய பெர்மெத்ரின் 5 சதவீதம் மீதி இருக்கிறது. முகத்தில் பூசலாமா?

பதில்: நீங்களாகப் பூசாதீர்கள். அது சிரங்குக்கு, பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவுவது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும்.

கேள்வி (நாமக்கல்): மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் விலை குறைவு. அதே மருந்துதானே?

பதில்: கூடாது. செறிவு வேறு, கலந்திருக்கும் பொருள்கள் வேறு.

கேள்வி (சென்னை): கிரீம் எவ்வளவு பூச வேண்டும்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (புதுச்சேரி): இமை ஓரம் அரிக்கிறது. கிரீமைக் கொஞ்சம் இமையிலும் தடவலாமா?

பதில்: தடவக் கூடாது. இமைமுடியின் அடியில் சட்டைக்கை மடிப்பு போல மெழுகுப் படலம் சுற்றியிருந்தால் அங்கும் டெமோடெக்ஸ் இருக்கலாம். கண் மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்று லோட்டிலானர் என்ற சொட்டு மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

கேள்வி (திருநெல்வேலி): எங்கள் நாய்க்கும் டெமோடெக்ஸ் என்றார்கள். அதிலிருந்து எனக்கு வந்ததா?

பதில்: இல்லை. நாயின் பூச்சி வேறு இனம், மனிதருக்கு வராது. நாய்க்குக் கால்நடை மருத்துவர். உங்கள் கிரீமை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோலி போன்ற சில இனங்களுக்கு ஐவர்மெக்டின் ஆபத்து.

கேள்வி (வேலூர்): ஆறு மாதக் கர்ப்பம். பூசலாமா?

பதில்: வேண்டாம். தோல் மருத்துவரிடம் கர்ப்பத்தைச் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): எனக்கும் பியூட்டி பார்லரில் கொடுத்த கிரீமை நிறுத்தியதும் எரிகிறது. ஆனால் அதன் டப்பாவில் மருந்துப் பெயரே இல்லை.

பதில்: சேலம் மாணவிக்கு எழுதியதை முழுதும் படியுங்கள். பெயர் அச்சிடாத டப்பா என்றால் இன்னும் மோசம். அதைக் குப்பையில் போடாமல் பத்திரமாக வைத்து, இதுவரை முகத்தில் பூசிய மற்ற டியூப்களையும் ஒரு பையில் போட்டு, தோல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். காலியான டியூபாக இருந்தாலும் சரி. எத்தனை மாதம், நாளுக்கு எத்தனை முறை பூசினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.