அறுபத்து மூன்றுக்கு மூன்று

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடிய கால்பந்து ஆட்டம் ஒன்று 63-3 என்று முடிந்ததைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வியாசர்பாடி தொடங்கி எண்ணூர் வரை இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பந்து விஷயத்தில் வடசென்னைக்காரர்களிடம் வாயைக் கொடுத்துவிட்டு எளிதில் தப்ப முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். 6-3 என்று இருக்க வேண்டியது 63-3 என்று அச்சாகிவிட்டதா? எங்கள் மைதானத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.
— ஒரு பயிற்சியாளர், முல்லை நகர், வியாசர்பாடி

அச்சில் பிழை இல்லை; பிழை என்னுடையது. எந்தக் கால்பந்து என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அது தங்கள் பிள்ளைகள் ஆடும் ஆட்டமன்று. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எப்போதாவது மட்டும் காலால் உதைத்தும் ஆடப்படுகிற அமெரிக்கக் கால்பந்து. அதிலும் ஓர் அணிக்குப் பதினொரு பேர்தான்; ஆனால் எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால், அதாவது டச்டவுன் எடுத்தால், 6 புள்ளிகள். அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மேலும் 1. எல்லை வரை போக முடியாது என்று தெரிந்து, நின்ற இடத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. எனவே 63 என்பது ஒன்பது டச்டவுன்களும் அவற்றைத் தொடர்ந்த ஒன்பது உதைகளும். எதிரணியின் 3 என்பது ஒரே ஓர் உதை. தங்கள் கணக்கில் சொல்வதென்றால் ஏறத்தாழ 9-0 என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முழுக்கச் சரியான ஒப்பீடு இல்லைதான், ஆனாலும் சிரிப்பு அடங்கும்.

அவர்கள் இன்னும் நம்ப மறுத்தால், தங்கள் ஆட்டத்திலேயே ஒன்றைச் சொல்லலாம். 2001 ஏப்ரல் 11 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகளில் ஒன்றான அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று வென்றது. ஆர்ச்சி தாம்ப்சன் ஒருவரே 13 கோல்கள் அடித்தார். ஆனால் அன்று களமிறங்கியது அமெரிக்கன் சமோவாவின் உண்மையான அணியன்று. கடவுச்சீட்டுச் சிக்கலால், தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அணியில் ஒருவரைத் தவிர அனைவரும் ஆடும் தகுதியை இழந்துவிட, பதினைந்து வயதுச் சிறுவர்கள் வரை சேர்த்துக்கொண்டு அவர்கள் ஆட வேண்டியிருந்தது. இந்தச் செய்தியைப் பிள்ளைகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பின்வரும் பதில்களுக்கு இது தேவைப்படும்.

அந்த 63-3 ஆட்டத்தில் தோற்ற அணி அதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்று அமெரிக்காவில் படிக்கும் என் தம்பி சொல்கிறான். பதின்மூன்று ஆட்டங்களை வென்ற அணி ஒரே நாளில் எப்படி இப்படி ஆனது?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

தங்கள் தம்பி சொல்வது உண்மை. தோற்றது ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி. 2023 பருவத்தில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வென்று, ஏசிசி என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கோப்பையையும் கைப்பற்றிய அணி அது. எதிரே நின்ற ஜார்ஜியா பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டத்தை வென்றிருந்தது; அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில், அலபாமாவிடம் 27-24 என்று தோற்றிருந்தது. தாளில் பார்த்தால் சமபலம்.

கதை நவம்பர் 18 அன்று தொடங்குகிறது. ஃபுளோரிடா அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு அன்று கால் முறிந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று அந்தக் கணமே முடிவு செய்பவர்; அவர் இல்லாத அணி ஓட்டுநர் மாறிய பேருந்து போன்றது. ஆயினும் எஞ்சிய ஆட்டங்களையும் அந்த அணி வென்றது. கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில், மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக்காக இருந்த முதலாண்டு மாணவர் பிராக் கிளென்னை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் தடுப்பாட்டத்தின் பலத்திலேயே லூயிவில் அணியை 16-6 என்று வீழ்த்தியது.

மறுநாள், டிசம்பர் 3. தேசியப் பட்டத்துக்கான அரையிறுதிக்கு நான்கு அணிகளைப் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு அறிவித்தது. (நம் நேரப்படி அன்று இரவு பத்தரை மணி வாக்கில். மிக்ஜாம் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த இரவில் தண்டையார்பேட்டையில் எவருக்கும் இந்தக் கவலை இருந்திருக்காது.) மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்பவையே அந்த நான்கு. டெக்சாஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டம் தோற்ற அணிகள். ஒன்றும் தோற்காத ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் ஐந்தாமிடத்தில் வெளியே நின்றது. டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி ஆகாது என்பது குழு சொன்ன காரணம். பெரிய கூட்டமைப்பு ஒன்றின் கோப்பையைத் தோல்வியின்றி வென்ற அணி அந்த நால்வர் முறையில் ஒதுக்கித் தள்ளப்பட்டது அதுவே முதல் முறை.

ஐந்தாம், ஆறாம் இடங்களில் இருந்த இந்த அணியையும் ஜார்ஜியாவையும் மயாமிக்கு அருகே ஆரஞ்சு பவுல் என்னும் பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் மோதச் சொன்னார்கள். வென்றாலும் பட்டம் கிடையாது. தோற்றாலும் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பர் 30 வருவதற்குள் ஃபுளோரிடா அணியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இல்லை. சிலர் காயமுற்றிருந்தனர். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் என்.எஃப்.எல். தேர்வுக்காக உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பி, கியோன் கோல்மன், ஜாரெட் வெர்ஸ், டிரே பென்சன் போன்ற முன்னணி வீரர்கள் விலகினர். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டு இன்னும் சிலர் போய்விட்டனர். அவர்களில் இரண்டாம் நிலைக் குவார்ட்டர்பேக்கும் ஒருவர். ஜார்ஜியாவிலும் பிராக் பவர்ஸ் உட்படச் சிலர் ஆடவில்லை என்றாலும், அணியின் பெரும்பகுதி அப்படியே வந்து நின்றது. முதல் பாதி முடிந்தபோது 42-3.

சட்டையின் நிறம்தான் அதே. அதை அணிந்து பதின்மூன்று ஆட்டங்களை வென்றவர்களில் பலர் அன்று மைதானத்திலேயே இல்லை. ஆகவே தேர்வுக் குழு செய்தது சரிதான் என்பதற்கு இந்த ஆட்டத்தைச் சான்றாகக் காட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. குழு எடைபோட்டது ஓர் அணியை. ஜார்ஜியா அடித்தது வேறோர் அணியை.

“பவுல்” என்றால் கிண்ணம்தானே? கோப்பை என்று சொல்லாமல் கிண்ணம் என்பானேன்?
— ஒரு பள்ளி ஆசிரியர், இராயபுரம்

கிண்ணத்தைப் பரிசாகக் கொடுப்பதால் வந்த பெயரன்று. மைதானத்தின் வடிவத்தால் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1914-இல் திறந்த வட்டமான அரங்கைக் கிண்ணம் என்றார்கள். அதைப் பார்த்துக் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் ரோஸ் பவுல் அரங்கைக் கட்டினார்கள். அங்கே புத்தாண்டையொட்டி நடந்த ஆட்டத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்களை இழுக்க விரும்பிய பிற நகரங்கள், தத்தம் ஊர் விளைச்சலின் பெயரில் ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று ஆளுக்கொரு பவுலைத் தொடங்கின. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பவுல்கள் உள்ளன. தங்கள் பக்கத்தில் நடந்திருந்தால் வஞ்சிரம் பவுல் என்று வைத்திருப்பார்கள்.

இந்த மரபின் முதல் ஆட்டமே ஒருதலையானதுதான் என்பது வேடிக்கை. 1902 ஜனவரி 1 அன்று பசடேனாவில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று அடித்தது. டச்டவுனுக்கு 5 புள்ளிகளே தந்த காலம் அது. அந்தப் பருவம் முழுவதும் மிச்சிகன் சேர்த்தது 550 புள்ளிகள், கொடுத்தது பூஜ்யம். எட்டு நிமிடங்கள் மீதமிருக்கையில் ஸ்டான்ஃபோர்டு தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறியது. விழாக் குழுவினர் கால்பந்தைக் கைவிட்டுத் தேர்ப்பந்தயம் முதலியவற்றை நடத்தலானார்கள். 1916-இல்தான் பந்து திரும்பி வந்தது.

இதுதான் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வியா? அவ்வளவு முன்னிலை இருக்கும்போது தொடர்ந்து அடிப்பது நியாயமா? எங்கள் கேரம் மன்றத்தில் அப்படி ஆடினால் பெரியவர்கள் கண்டிப்பார்கள்.
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பவுல் ஆட்டங்களில் 60 புள்ளி வித்தியாசமே மிகப் பெரியது. அதற்கு முந்தைய பெரிய வித்தியாசம் 58. அதையும் ஏற்படுத்தியது இதே ஜார்ஜியாதான், அதே 2023-இன் ஜனவரி 9 அன்று, தேசிய இறுதி ஆட்டத்தில், டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தை 65-7 என்று வீழ்த்தியபோது. என்னைக் கேட்டால், புள்ளிவிவரம் என்ன சொன்னாலும் அந்த 65-7 தான் பெரிய தோல்வி. அங்கே தோற்ற அணி பட்டத்துக்காக ஏறத்தாழ முழுப் பலத்தோடு வந்தது. அரையிறுதியில் மிச்சிகனையே வென்றுவிட்டு வந்தது. அப்படியும் நிற்க முடியவில்லை.

பவுல் அல்லாத ஆட்டங்களையும் சேர்த்தால் 1916 அக்டோபர் 7-ஐச் சொல்ல வேண்டும். அன்று ஜார்ஜியா டெக் கம்பர்லாண்டு கல்லூரியை 222-0 என்று அடித்தது. கம்பர்லாண்டு அந்த ஆண்டு கால்பந்தையே நிறுத்திவிட்டிருந்தது. ஆனால் வராவிட்டால் 3,000 டாலர் தண்டம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்ததால், கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு ரயிலேறி வந்தது. எதிரணிப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மனுக்கோ, முன்னர் பேஸ்பாலில் கம்பர்லாண்டிடம் 22-0 என்று தோற்ற வன்மம். அமெரிக்கன் சமோவா, கம்பர்லாண்டு, ஃபுளோரிடா ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மூன்றிலும் ஆட்டம் தொடங்கும் முன்பே, மைதானத்துக்கு வெளியே முடிவு பாதி எழுதப்பட்டாயிற்று.

நியாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆரஞ்சு பவுலில் ஜார்ஜியா இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கியது. அந்தப் பாதியில் வந்தவை 21 புள்ளிகள்தாம். பருவம் முழுவதும் ஓரமாய் உட்கார்ந்திருந்த ஒரு மாணவனைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, “நீ மட்டும் அடிக்காதே” என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதற்குப் பதிலாக, மீதமுள்ள நேரத்தைக் குறைத்துக்கொள்ள இரு பயிற்சியாளர்களும் நடுவரும் உடன்பட விதியில் இடமுண்டு. ஆனால் விளம்பர நேரம் விற்கப்பட்ட ஒரு தொலைக்காட்சி ஆட்டத்தில் அதை யார் கேட்பார்கள்?

விலகிப்போன வீரர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லலாமா? கூட ஆடியவர்களை நட்டாற்றில் விட்டதுபோல் ஆகாதா?
— விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு முயலும் ஓர் இளைஞர், எண்ணூர்

தங்களுக்கே இந்தக் கேள்வியின் விடை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, துறைமுகம் என்று எங்கேனும் தேர்வு ஆட்டத்துக்கு நாள் குறித்திருக்கையில், அதற்கு முந்தைய வாரம் தெருவில் நடக்கும் ஏழு பேர் போட்டிக்குத் தங்கள் வீட்டில் அனுப்புவார்களா?

அங்கே இந்தப் பழக்கம் ஒரு முழங்காலிலிருந்து வளர்ந்தது. 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பவுலில், நோட்ர டேம் அணியின் ஜேலன் ஸ்மித்துக்குத் தசைநார்கள் கிழிந்து நரம்பும் பழுதுபட்டது. என்.எஃப்.எல். தேர்வில் முதல் சுற்றின் தொடக்கத்திலேயே எடுக்கப்படுவார் என்று பேசப்பட்ட அவர், இரண்டாம் சுற்றில் 34-ஆவது ஆளாகப் போனார். அந்த ஆண்டு முழுவதும் ஆடவே இல்லை. அதே ஆண்டின் இறுதியில் லெனார்டு ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆகிய இருவரும் தத்தம் பவுல் ஆட்டங்களிலிருந்து விலகினர். அப்போது எழுந்த கூச்சல் பெரிது. ஏழாண்டுகளில் அது வழக்கமாகிவிட்டது. பதிவேட்டில் பெயர் கொடுத்து வேறு பல்கலைக்கழகம் போகிறவர்களின் நிலைமை சற்று வேறு: அந்த வாசல் திறக்கும் நாள்களும் பவுல் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்படி அட்டவணை போட்டவர்கள் பெரியவர்கள்தாம், மாணவர்கள் அல்லர். ஆட்டம் முடிந்ததும், வென்ற அணியின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டே, இந்த நிலையைச் சரிசெய்தாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கூட நின்றவர்களைப் பற்றிய தங்கள் வருத்தத்தை நான் மறுக்கவில்லை. முதலாண்டு மாணவரான கிளென், தமக்குப் பந்து பிடிக்கும் முன்னணி வீரர்கள் இல்லாமல், அத்தனை பேர் பார்க்க, களத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கணக்கை விலகியவர்கள் மனத்தில் கொஞ்சமாவது வைத்திருப்பார்கள் என்றே எண்ணுகிறேன்.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

2024 பருவம் முதல் நான்குக்குப் பதிலாகப் பன்னிரண்டு அணிகள் பட்டப் போட்டிக்குப் போகின்றன. இந்த ஆட்டத்துக்கு முன்பே முடிவான மாற்றம் அது. ஓராண்டு முந்தி வந்திருந்தால் 63-3 நிகழ்ந்திருக்காது. பட்டப் போட்டிக்கு வெளியே உள்ள பவுல்களில் வீரர்கள் விலகுவது மட்டும் நின்றபாடில்லை. ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அடுத்த பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களில் இரண்டையே வென்றது.

இந்த ஆட்டங்களை நம்மூரிலிருந்து பார்ப்பதானால் எந்த நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும்?
— மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாசகி, காசிமேடு

குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு பத்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஆரஞ்சு பவுல் அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கியது. நமக்கு அதிகாலை 2.30. மற்றவர்கள் தூக்கம் கெட்டுப் பார்க்க வேண்டிய நேரம். ஏலத்துக்குக் கிளம்பும் தங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது.