மரபணுப் படியெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: எந்த இடத்தில் படியெடுக்கத் தொடங்குவது என்று பாலிமரேஸுக்கு எப்படித் தெரியும், மேடம்?

தனியாக விட்டால் அதற்குத் தெரியாது. படியெடுத்தல் என்றால் டி.என்.ஏ.வில் உள்ள மரபணுவை ஆர்.என்.ஏ.வாக நகலெடுப்பது; அதைச் செய்யும் நொதிதான் பாலிமரேஸ். புரதங்களுக்கான மரபணுக்களைப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2. மரபணுவின் தொடக்கத்தில் உள்ள புரமோட்டரில் முதலில் டி.எஃப்.2.டி என்ற புரதக் கூட்டம் உட்காரும். அப்புறம் மற்றக் காரணிகளும் பாலிமரேஸும் வந்து சேரும். அந்தக் காரணிகளில் ஒன்றான டி.எஃப்.2.எச் டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரித்துவிட்டு, பாலிமரேஸின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டும். ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு அந்த வாலில் திரும்பத் திரும்ப வரும்; மனிதரில் 52 முறை. பாஸ்பேட் ஏறியதும் புரமோட்டரின் பிடி விட்டு பாலிமரேஸ் நகரும். ஆர்.என்.ஏ.வின் முனைக்குப் பாதுகாப்புத் தொப்பி போடும் நொதிகளும், இறுதி ஆர்.என்.ஏ.வில் இடம்பெறாத இடைப்பகுதியான இன்ட்ரானை வெட்டும் புரதங்களும் இதே வாலைப் பற்றிக்கொண்டு கூடவே போகின்றன. இத்தனை வருடம் படித்தும் இந்த வால் எனக்கு அலுக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாக்டீரியா படத்தை இங்கே பொருத்தாதீர்கள். அங்கே சிக்மா காரணி என்ற புரதம் ஒன்றே பாலிமரேஸுக்கு வழிகாட்டப் போதும்.

கேள்வி: டாடா பெட்டி இல்லாவிட்டால் படியெடுத்தல் நடக்காதுதானே?

நடக்கும். டாடா பெட்டி என்பது சில புரமோட்டர்களில் வரும் TATA என்ற எழுத்துத் தொடர்; மனித மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது.

கேள்வி: படியெடுத்தலுக்கும் இரட்டிப்பாதலுக்கும் என்ன வித்தியாசம்?

இரட்டிப்பாதலில் முழு டி.என்.ஏ.வும் ஒருமுறை நகலாகும். படியெடுத்தலில் தேவையான மரபணு மட்டும், தேவைப்படும்போதெல்லாம் ஆர்.என்.ஏ. ஆகும்.

கேள்வி: ஒரு மரபணுவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நீளத்தைப் பொறுத்தது. தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணு சுமார் 22 லட்சம் எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகை எழுத்து என்கிறேன்). முடிக்க ஏறக்குறைய 16 மணி நேரம். இன்ட்ரான்களை வெட்டி, மீதியை ஒட்டியபின் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்துதான்.

கேள்வி: அப்படியானால் வெட்டிப் போட்ட இன்ட்ரான் எல்லாம் குப்பைதானே?

அப்படி ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். கைகால் உருவாகும்போது சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைத் தூண்டும் என்ஹான்சர் என்ற டி.என்.ஏ. துண்டு, அந்த மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. அதில் சில இடங்களில் ஓரெழுத்து மாறினாலே கையில் ஆறாவது விரல் வரலாம்.

கேள்வி: அப்போது எல்லா டி.என்.ஏ.வுக்கும் வேலை உண்டு என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

இல்லவே இல்லை. வெங்காயத்தின் மரபணுத்தொகை, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ., நம்முடையதைப்போல் சுமார் ஐந்து மடங்கு. நம்மைவிட ஐந்து மடங்கு வேலையா அதற்கு?

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மனித டி.என்.ஏ.வில் 80 சதவீதத்துக்குச் செயல்பாடு உண்டு என்று, அதை ஆராயும் என்கோட் திட்டமே 2012-இல் சொன்னதே?

அங்கே செயல்பாடு என்றது உயிர்வேதி நிகழ்வு ஏதாவது பதிவானதை. பாலிமரேஸ் தேவையில்லாத இடத்திலும் தொடங்கும், ஆர்.என்.ஏ. வந்தது என்பதால் மட்டும் அது உடலுக்கு வேண்டியது ஆகிவிடாது. நீக்கிப் பார்க்க வேண்டும். நான் சொன்ன என்ஹான்சரை எலியில் நீக்கியபோது கால்கள் முழுதாக வளரவே இல்லை. எனக்கு ஆதாரம் என்றால் அது.

கேள்வி: படியெடுத்தல், இரட்டிப்பாதல் வித்தியாசம் சொல்லுங்களேன்?

மேலே மூன்றாவது பதில், தம்பி.

கேள்வி: என் மரபணுச் சோதனையில் இன்ட்ரானில் மாற்றம் என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அறிக்கையை மரபியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே நான் ஊகித்துச் சொல்வது தவறு.

கேள்வி: பாக்டீரியாவில்போல நம் செல்லிலும் படியெடுக்கும்போதே ரைபோசோம் வந்து ஒட்டுமா?

ஒட்டாது. ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் வேலை செய்வது உட்கருவுக்கு வெளியே; படியெடுத்தல் நடப்பது உள்ளே. பாக்டீரியா படத்தை மூடி வையுங்கள் என்றேனே!