நுரையீரலைக் கழுவ ஒரு கஷாயம் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 47. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சில வருடங்களாக மார்கழி வந்தால் இருமல், இரவில் நெஞ்சில் விசில் சத்தம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்துமா என்று சொல்லி டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். பழக்கிவிட்டால் விடவே முடியாது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தியதால் நிறுத்திவிட்டேன். இப்போது தூதுவளை ரசம், அதிமதுரக் கஷாயம், தினம் இரண்டு வேளை ஆவி பிடிப்பது என்று சமாளிக்கிறேன். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நுரையீரலைச் சுத்தப்படுத்தும் லேகியம் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? என்ன சாப்பிட்டால் நுரையீரல் பலப்படும்? கணவர் சிகரெட் பிடிப்பார், ஆனால் பால்கனியில்தான்.

பதில்: அம்மா, லேகியத்தை வாங்க வேண்டாம். இன்ஹேலரை உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள், இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். தூதுவளை ரசம் தாராளமாகத் தொடரட்டும். அதிமதுரத்தை மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

நாம் விழுங்குவது எதுவும் நுரையீரலுக்குள் போய் எதையும் கழுவுவதில்லை. அது இரைப்பைக்குப் போகிறது. நுரையீரலைச் சுத்தம் செய்யும் வேலையை நுரையீரலே செய்துகொள்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவர் முழுக்க கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் அசைந்து, தூசி ஒட்டிய சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை வரை ஏற்றிவிடுகின்றன. அதைத் தாண்டி ஆழத்துக்குப் போகும் துகள்களை அங்கே இருக்கும் காவல் செல்கள் விழுங்குகின்றன. சிகரெட் புகை இந்த இழைகளை முடக்கிவிடும். புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அப்போது கொஞ்ச நாள் சளியும் இருமலும் கூடலாம். அது நல்ல அறிகுறிதான். பலர் அதைப் பார்த்து பயந்து திரும்பவும் சிகரெட்டை எடுத்துவிடுகிறார்கள், அதனால் இதை உங்கள் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அப்புறம் இந்த லேகியங்கள், பொடிகள். உரிம எண் இல்லாமல், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாமல் விற்கப்படும் ஆஸ்துமா பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் மூச்சு சீராகும், ஆளும் தெம்பாக இருப்பார். சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலவீனமாகும். இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டுக்குப் பயந்து, அளவே தெரியாத ஸ்டீராய்டை வாய் வழியாகச் சாப்பிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

இன்ஹேலர் பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான். நாற்பதில் ஒரு பங்கு. நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் அந்தச் சிறு அளவே போதும். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியே இருக்கும் நோய். மருந்தை நிறுத்தினால் வீக்கம் திரும்பி வருகிறது, அதைத்தான் 'பழகிப்போச்சு' என்று சொல்கிறார்கள். பிரஷர் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறீர்களே, அதற்கு அடிமையாகிவிட்டோம் என்று நினைப்பதில்லை அல்லவா? ஒரு விஷயத்தை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: உங்களிடம் இருப்பது திணறும்போது மட்டும் எடுக்கும் நீல இன்ஹேலரா, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்ததா? நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி ஆஸ்துமாவை ஓட்டுவது இப்போதைய வழிகாட்டுதலின்படி சரியில்லை. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்து எடுங்கள், எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

சரி, மூலிகைகளுக்கு வருவோம். அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆடாதொடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் ப்ரோம்ஹெக்சின் உருவானது. மருந்துக்கடையில் வாங்கும் பல சளி சிரப்புகளில் இருப்பது அதுவும் அதன் வழிவந்த அம்ப்ராக்சாலும்தான். நம் பாட்டிகள் கசக்கக் கசக்க ஆடாதொடைக் குடிநீர் கொடுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது. தூதுவளை, கற்பூரவள்ளி, துளசி, மிளகு இவையெல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சளி இளகும். தேன் இருமலின் வேகத்தைக் குறைக்கும் என்பதற்குக் குழந்தைகளிடம் நடந்த நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், பாட்யூலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வரலாம். இவை எல்லாமே சளிக்கும் இருமலுக்கும் துணை மருந்துகள். மூச்சுக்குழாய் வீக்கத்தை இவற்றை நம்பி விட்டுவிட முடியாது.

அதிமதுரம் உங்களுக்கு ஏன் ஆகாது என்றால், அதில் இருக்கும் கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிப்பது மாத்திரைக்கு எதிராக வேலை செய்வதுதான். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் முறையாகப் படித்த மருத்துவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பிரஷர் மாத்திரை, இன்ஹேலர் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டி, எது சேரும் எது சேராது என்று கேளுங்கள்.

அந்தப் பிரஷர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதில்தான் முக்கியமான சந்தேகம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அட்டெனோலால், ப்ராப்ரனோலால் போன்றவை ஆஸ்துமாவையே கிளப்பிவிடலாம். இந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் அட்டையில் இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டி வேறு மாத்திரைக்கு மாற்றச் சொல்லுங்கள். தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடச் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு நல்லது. நுரையீரல் வரை அதன் பலன் போகாது. சூடம், தைலம் போடாமல் வெறும் வெந்நீரில், மூக்கு அடைத்திருக்கும் நாளில் மட்டும் செய்தால் போதும். சூடம், தைலத்தின் நெடியே சிலருக்கு இழுப்பைத் தூண்டும். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் குழந்தைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உண்டு. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாக மாறலாம்.

இப்போது உங்கள் வீட்டுக் காற்று. நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சன்னலை மூடிக்கொண்டு கொளுத்தினால் அது யார் நெஞ்சுக்குள் போகும்? கொசுவலை கட்டுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை உங்கள் வீட்டில் நிறுத்துவது கஷ்டம் என்று தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே இருங்கள், வேறு யாராவது போடட்டும், அரை மணி நேரம் எல்லாக் கதவுகளையும் திறந்து வையுங்கள். ஊதுபத்திக்கும் இதே கதைதான். தாளிக்கும் நெடி வரும் சமையலறையில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்று இருக்கட்டும்.

உங்களுக்கு மார்கழியில் மட்டும் ஏன் கூடுகிறது? குளிர்ந்த அதிகாலையில் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் தேங்கி நிற்கும். லாரிப் புகை, குப்பை எரிக்கும் புகை, மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகை எல்லாம் அதோடு சேர்ந்து கீழேயே நிற்கும். அந்த நேரம் பார்த்து வாசலைப் பெருக்கி, குனிந்து, கல்மாவுப் பொடியில் பெரிய கோலம் போடுவீர்கள். கோலத்தை விடச் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்த பிறகு பெருக்குங்கள், வெயில் வந்தபின் போடுங்கள், அல்லது அரிசி மாவைக் கரைத்து ஈரக்கோலமாகப் போடுங்கள். போகியன்று விடியற்காலையில் வெளியே வரவே வேண்டாம். 2018 போகியில் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானது நினைவிருக்கும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 40. ஆகவே 'அளவுக்குள்தான் இருக்கிறது' என்று செய்தியில் சொன்னாலும் உங்கள் நெஞ்சு அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. புகை அதிகமான நாளில் துணி மாஸ்க் பயன்படாது, என்95 வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையின் ஈரப்பதம் தலையணையில் வளரும் தூசிப் பூச்சிகளுக்குக் கொண்டாட்டம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள், தலையணையை வெயிலில் காயவையுங்கள். மழைக்குப் பிறகு சுவரில் பூத்திருக்கும் பூஞ்சையை வேறு யாராவது துடைக்கட்டும். கணவரின் பால்கனி சிகரெட் புகை கதவு வழியாக உள்ளே வரும், சட்டையிலும் வரும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு அவரைப் பேசச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உணவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நம் ஊரே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 1956-இல் தொடங்கிய மெட்ராஸ் காசநோய் ஆய்வு மையத்தில் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அதே மருந்தை எடுத்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 1959-இல் முடிவு வெளியானது. நோயைத் தீர்த்தது மருந்துதான். ஆனால் 2023-இல் வெளியான ஜார்கண்ட் ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வந்த நோய்க்கு மருந்து, வராமல் தடுக்க உணவு என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

மூச்சு இழுப்பதும் தசை செய்யும் வேலை, அந்தத் தசைக்குப் புரதம் வேண்டும். காசிமேடு உங்களுக்குப் பக்கம். நெத்திலி, மத்தி மலிவான மீன்கள், நல்ல கொழுப்பும் உள்ளவை. வறுக்காமல் குழம்பாக வையுங்கள். சைவமென்றால் சுண்டல், பாசிப்பயறு, தயிர். பாலும் தயிரும் வாழைப்பழமும் சளியை உண்டாக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒவ்வாமை இல்லாதவருக்கு அந்தப் பயம் தேவையில்லை. பால் குடித்ததும் தொண்டையில் எச்சில் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவுதான். நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி, முருங்கைக்கீரை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. ஆனால் இவற்றின் சத்தை மாத்திரையாக வாங்கி விழுங்குவது வேறு விஷயம். ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையாமல் 18 சதவீதம் கூடியது. உங்கள் கணவருக்கு அந்த மாதிரி மாத்திரை எதுவும் வாங்கித் தராதீர்கள். கேரட் பொரியலாகவே இருக்கட்டும்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிட்ட உடனே படுத்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறி, நடு இரவில் இருமலைக் கிளப்பும். உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே படி ஏறுவதில் வித்தியாசம் தெரியும்.

மூச்சுப் பயிற்சியில் எளிமையானது: மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரு மடங்கு நேரம் மெதுவாக விடுவது. இழுப்பு இருக்கும்போது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்ய வேண்டாம்.

மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை இதுவரை செய்ததாக நீங்கள் எழுதவில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நெஞ்சக மருத்துவப் பிரிவு உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது, அங்கே கேளுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சளிப் பரிசோதனையும் கட்டாயம், அதை அரசு இலவசமாகவே செய்கிறது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றியும் விசாரியுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, நீல இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ கஷாயம் வைக்க யாரும் அடுப்படிக்குப் போக வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்பேசர் வழியாக நீல இன்ஹேலரைத் தொடர்ந்து எடுங்கள்.